நீல அட்டை

புதுச் சரக்கை அலமாரியில் அடுக்கும்போதுதான் மெடிக்கல்காரர் அதைக் கவனித்தார். ஒரு கையில் ரத்தக் கொதிப்பு மாத்திரை, மறு கையில் சர்க்கரை மாத்திரை. இரண்டு அட்டையும் ஒரே நீலம். சர்க்கரை மாத்திரை போன மாதம் வரை வெள்ளை அட்டையில்தான் வந்தது. கம்பெனிக்காரன் சொல்லாமல் கொள்ளாமல் சட்டையை மாற்றிவிட்டான். கொதிப்பு மாத்திரைப் பெட்டியின் சீலை இப்போதுதான் உடைத்திருந்தார். சர்க்கரைப் பெட்டியில் ஓர் அட்டை குறைந்தது.

அந்த வட்டாரத்தில் மாத்திரைகளுக்குப் பெயர் கிடையாது. பெரிய டாக்டர்கள் எல்லாம் நகரத்தில். ஒரு தடவை போய்ப் பார்த்து எழுதி வாங்கி வருவார்கள், அதோடு சரி. பிறகு தீர்ந்துபோன அட்டையில் ஒரு மூலையைக் கத்தரித்து, கடைப்பக்கம் வருகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். யார் வீட்டு மூலை என்று சொன்னால் போதும். யாருக்கு என்ன கோளாறு என்பது இவருக்கு அத்துப்படி. கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பார் என்று ஊரே பெருமையாகச் சொல்லும். அவருக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

நேற்று தையல் மெஷின்கார அக்காவின் கொதிப்பு மாத்திரை மூலை வந்த நேரத்தில், எதிரே காலியாகக் கிடந்த கடையை இரண்டு பேர் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். நகரத்தில் தெருவுக்குத் தெரு கிளை வைத்திருக்கும் மருந்துக் கடை இங்கேயும் வரப்போகிறதாம். ஏசியாம், தள்ளுபடியாம், வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்களாம். அவருடைய கண் அந்த டேப்போடு சுவர் சுவராக அலைந்தது. கை மட்டும் பிரித்து வைத்திருந்த பெட்டிக்குள் போய் ஒரு நீலத்தை எடுத்து நீட்டிவிட்டது.

அக்காவுக்குப் போன் அடித்தார். எடுக்கவில்லை. தையல் மெஷின் ஓடினால் அவளுக்கு இடி விழுந்தாலும் கேட்காது.

"ஏங்க, கம்பெனி திருப்பி வாங்குதுன்னு சொல்லி மாத்திட்டு வந்துடுங்க" என்றாள் மனைவி. அவளுக்கும் முகம் வெளுத்திருந்தது. "வேற எதுவும் வாயைத் திறக்காதீங்க. எதிர்ல கடை வரப்போற நேரத்துல இது வெளிய தெரிஞ்சா, நாம மூட்டையக் கட்ட வேண்டியதுதான்."

ஸ்கூட்டரில் போகும் வழியெல்லாம் அந்த ஒரு வரியையே சொல்லிப் பார்த்துக்கொண்டார். கம்பெனி திருப்பி வாங்குது, அக்கா. சொல்லச் சொல்ல நம்பும்படியாகத்தான் இருந்தது. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

அக்கா வீட்டு முன்னறையில் பள்ளிச் சீருடைகள் மலைபோல் குவிந்து கிடந்தன. நகரத்துக் கடைக்கான வேலை. நான்கு பெண்கள் தரையில் உட்கார்ந்து பொத்தான் தைத்தார்கள். மெஷின் ஓடவில்லை. அக்கா அதன்மேல் தலையைச் சாய்த்திருந்தாள். ரவிக்கை முதுகு முழுக்க வேர்வை.

"வாங்க தம்பி" என்றாள், தலையைத் தூக்காமலே. "காலையிலேருந்து ஒரே நடுக்கம். ஊசியில நூல் கோக்க முடியல. நல்லவேளை, நேத்து சாயங்காலம் ஒண்ணு, காலைல ஒண்ணு, உங்க மாத்திரை போட்டேனோ பொழைச்சேனோ."

அவர் சர்க்கரை கொண்டுவரச் சொல்லி, தண்ணீரில் கரைத்து, தானே குடிக்க வைத்தார். பாதி புடவையில் சிந்தியது.

"என்னங்க ஆச்சு அக்காவுக்கு?" என்றாள் பொத்தான் தைத்தவர்களில் மூத்தவள்.

களைப்பு என்று சொல்லலாம். வெயில் என்று சொல்லலாம். ஆனால் உடனே இவளை நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். குடித்த சர்க்கரை கொஞ்ச நேரம்தான் தாங்கும். அங்கே என்ன சாப்பிட்டாள் என்று கேட்பார்கள். கூடப் போகிறவளுக்கு உண்மை தெரியாவிட்டால் அக்கா என்ன ஆவாள்?

"நான் மாத்திரைய மாத்திக் குடுத்துட்டேன்" என்றார். "சர்க்கரை மாத்திரை. என் தப்பு. டாக்டர்கிட்ட அக்கா போட்ட அட்டையக் காட்டணும். காருக்குச் சொல்லுங்க."

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அக்கா மட்டும் மெல்ல நிமிர்ந்து, "நீங்களா தம்பி?" என்றாள். அவர் தலையாட்டினார்.

கார் வரும்வரை அவள் தூங்கிவிடாமல் கையைப் பிடித்தபடி பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். மூத்தவள் எழுந்து வெளியே போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தது.

"என் மாமியாரோடது. நெஞ்சு வலி மாத்திரை" என்றாள். "உங்க கடையில வாங்கினதுதான். கொஞ்சம் பாத்துச் சொல்லிடுங்க."

அவள் பின்னாலேயே பக்கத்து வீட்டுக்காரி ஒரு பையோடு வந்தாள். பொத்தான் தைத்தவர்களில் இன்னும் இரண்டு பேர் ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழுந்தார்கள். சற்று நேரத்தில் துணி வெட்டும் மேஜைமேல் டப்பாக்களும் பைகளும் பிஸ்கட் டின்களும் வரிசையாக வந்து உட்கார்ந்தன. அக்காவின் கையை விடாமல், அவர் மறு கையால் முதல் டப்பாவைத் திறந்து, ஓர் அட்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அதன் பெயரைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார். பெண்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.