தலைவர் மூக்கில் கலப்பத்து

பிரடெரிக்கின் மூக்கிலிருந்து இரத்தம் கொட்டத் தொடங்கியபோது காலை எட்டு மணி. தங்கச்சிமடத்து விசைப்படகுச் சங்கத் தலைவரான அவர், அன்று மாலை ஆறு மணிக்குத் தேவாலயத் திருவிழாக் கொடியை ஏற்ற வேண்டியவர். நாலு வருஷம் நச்சரித்து வாங்கிய மரியாதை. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை துணிக்கொடியில் விறைத்துத் தொங்கியது. அவருக்கும் முன்பே அது மேடைக்குத் தயாராகிவிட்டிருந்தது.

தலையை அண்ணாந்தார். இரத்தம் தொண்டைக்குள் இறங்கவும், நின்றுவிட்டதாக அறிவித்தார். மூக்கு அறிவிப்பை ஏற்கவில்லை. படகுப் பலகை இடுக்கில் தண்ணீர் கசிந்தால் எண்ணெயில் ஊறிய பஞ்சுத்திரியை அடைப்பார்களே, அந்தக் கலப்பத்துத் திரியை இரண்டு துவாரத்திலும் திணித்துக்கொண்டார்.

ராமநாதபுரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் கனகலட்சுமி அதை இழுத்தார். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

"என்னய்யா இது?"

"கலப்பத்துத் திரி. வள்ளத்துல ஓட்டை விழுந்தா இதான் வைப்போம்."

"வள்ளம் தும்மாது. குனிஞ்சு உக்காந்து, மூக்குல மெத்துனு இருக்கிற இடத்த அழுத்திப் பிடிங்க. முழுங்காதீங்க, துப்புங்க. பிரஷர் மாத்திரை போடுறீங்களா?"

மனைவி வேளாங்கண்ணிதான் பதில் சொன்னாள்.

"நிப்பாட்டி மூணு மாசமாச்சும்மா. அதப் போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வருதாம். மேடையில இருந்து எந்திரிச்சுப் போனா மரியாதை என்னாவுறதுங்கிறாரு."

பிரஷர் இருநூற்றுப் பத்து. கால் மணி நேரம் அழுத்தியும் இரத்தம் நிற்கவில்லை. மூக்கின் பின்புறத்திலிருந்து வருகிறது என்றார் டாக்டர். மரத்துப்போகும் மருந்தைப் பீய்ச்சி, மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றை உள்ளே செலுத்தினார். அதன் நுனிப் பலூனில் தண்ணீர் ஏற்றி, முன்பக்கம் துணி நாடாவை மடிமடியாக அடைத்தார்.

"இது ஒண்ணுக்குப் போற குழாய் மாதிரில்ல இருக்கு" என்றார் தலைவர்.

"அதேதான். புதுசு."

இரண்டு நாள் அசையக்கூடாது, கத்தக்கூடாது, வெளியே போனால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்றார் டாக்டர்.

"வேளாங்கண்ணி, நீ போயி பங்குச் சாமியார்ட்ட சொல்லு. கொடியேத்தத்த ரெண்டு நாள் தள்ளி வைக்கட்டும்."

அவள் பஸ் ஏறிப் போனாள்.

படபடப்பு அடங்கப் போட்ட ஊசி மருந்து ஏற ஏறக் கட்டில் மெல்ல ஆடியது. சுவரின் பச்சை வண்ணம் இளகி அலையாயிற்று. தலைவர் கரையில் கவிழ்த்துப் போட்ட வள்ளமாகக் கிடந்தார். யாரோ அவர் பலகைகளை வருடிக்கொண்டிருந்தார்கள். சிறிது நேரத்தில் தண்ணீருக்கடியில் மிதந்தார். அங்கே பவளத்தின் நடுவே ஒரு கொடிமரம். சாளை மீன்கள் கூட்டமாகச் சேர்ந்து கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தன. ஒன்றுகூடத் தலைவர் எங்கே என்று கேட்கவில்லை.

போன் அடித்தது. வெளியே பொழுது சாய்ந்திருந்தது.

"என்னங்க, கொடி ஏறிருச்சு."

"ஆரு ஏத்துனது?"

"சனம் காத்துக்கிட்டு நின்னுச்சு. சாமியார் கயித்த எங் கையில குடுத்துட்டாரு. நீங்க நாலு வருசமா சொன்ன மாதிரி கனமெல்லாம் இல்லங்க. லேசாத்தான் இருந்துச்சு."

தலைவர் வாயைத் திறந்தார். மூச்சு விட இப்போது அது ஒன்றுதான் வழி; கத்த அதில் இடமில்லை. நர்ஸ் நீட்டிய பிரஷர் மாத்திரையை மறுபேச்சில்லாமல் விழுங்கிக் கண்ணை மூடினார்.

மீன்கள் இன்னும் போகவில்லை. கயிறு இப்போது வேளாங்கண்ணியின் கையில். கொடி மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. கூட்டத்தின் கடைசி வரிசையில், ஒண்ணுக்குப் போக ஒற்றை விரலைத் தூக்கி அனுமதி கேட்டபடி நின்றுகொண்டிருந்தார் பிரடெரிக்.