பின்னறையில் பச்சை விளக்கு

…இந்த நெட் அடாப்டரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மட்டும் செருகிவிடாதீர்கள், நேராகச் சுவர் பாயிண்டில்தான் என்று எத்தனை வீட்டில் தொண்டை வறளச் சொல்லியிருப்பாள், போன வாரம்கூட ஒரு பல் டாக்டர் வீட்டம்மா பூம்பூம் மாடாகத் தலையை ஆட்டிவிட்டு, இவள் வாசலைத் தாண்டுவதற்குள் பிடுங்கி பாக்ஸில் செருகி, நெட்டே வரவில்லை என்று மறுநாள் போன் போட்டாள், அன்றைக்கு எவ்வளவு எரிச்சல் வந்தது, இப்போது தன் வீட்டுப் பின்னறையில், தன் கையாலேயே, அதே காரியம். மேசைக்கு அடியில் குனிந்தபடியே இருந்தாள். கை தவறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாமா, இருட்டில் பாக்ஸ்தான் முதலில் அகப்பட்டது என்று… அட போ, வீடு வீடாகப் போய் இணைய இணைப்புக் கொடுத்தே பிழைக்கிறவளுக்குச் சுவர் எது, பாக்ஸ் எது என்று தெரியாதாக்கும். சிக்னல் போதவில்லை என்று அடாப்டரில் விளக்கு சிவப்பாக எரிந்தது. ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லையடி பெண்ணே.

இந்த அடாப்டரை வீட்டுக்காரர்தான் ஆசையாக வாங்கி வந்தார். ஜோடியாக வருகிற சாமான், ஒன்று கூடத்தில் ரவுட்டருக்குப் பக்கத்தில், இன்னொன்று பின்னறையில், நடுவில் புதுக் கேபிள் வேண்டாம், சுவரில் துளை வேண்டாம், ஃபேனுக்குக் கரண்டு போகிற அதே வயரில் நெட்டும் போய், அந்தப் பக்கம் வைஃபையாகவும் பரவும், இதையெல்லாம் அவர் இவளுக்கே விளக்கினார், கொல்லன் தெருவில் ஊசி விற்பதுபோல. இவளும் தெரியாதவளாட்டம் கேட்டுக்கொண்டாள். நடுச்சுவர் அந்தக் காலத்துத் தடிமன், கூடத்து வைஃபை அதைத் தாண்டவே தாண்டாது, அந்தச் சுவர் மட்டும் இல்லாவிட்டால்… மகள் வெளியூருக்குப் படிக்கப் போன பிறகு வீட்டில் என்ன பேச்சு இருந்தது? சாப்டாச்சா, கதவைப் பூட்டினியா, மாத்திரை போட்டீங்களா, அவ்வளவுதான், இரண்டு பேரும் ஓட்டலில் ஒரே மேசைக்கு வந்த அந்நியர்கள் மாதிரி. அப்புறம் அவர் ஆபீசை மூடினார்கள், அவர் வீட்டிலிருந்தே வெளிநாட்டுத் தொடர்களுக்குத் திரைக்கு அடியில் வருகிற தமிழ் வசனம் எழுத ஆரம்பித்தார், பின்னறையில் சிக்னல் இல்லையே, வேறு வழியில்லாமல் கூடத்துச் சாப்பாட்டு மேசைக்கு வந்தார். ஏம்மா, கதவை அறைஞ்சு சாத்திட்டுப் போறவ என்ன சொல்லிட்டுப் போவா? என்று இவளைக் கேட்பார். நாசமாப் போன்னு சொல்லுவா. ஐயோ, அது திரையில ரெண்டு செகண்டுதான் நிக்கும். அப்போ 'போடா'ன்னு போடுங்க, அதுக்கு ஒரு செகண்டு போதும். எத்தனை காலத்துக்குப் பிறகு அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்தார்! அந்தச் சிரிப்பைத்தான் இப்போது பின்னறையில் கொண்டுபோய் வைத்துக் கதவைச் சாத்தப் போகிறார், அதற்கு இவளே வயர் பிடிக்க வேண்டும்.

"என்னம்மா, வந்துடுச்சா?" கூடத்திலிருந்து அவர் குரல். "வருதுங்க, ஆனா ரொம்ப இழுக்குது. பழைய வயரிங் இல்லையா, அப்படித்தான் இருக்கும்." எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது பொய், வாடிக்கையாளரிடம்கூட இப்படிச் சொன்னதில்லை. அவர் லேப்டாப்போடு பின்னறைக்கு வந்து, மகள் படித்த நாற்காலியில் உட்கார்ந்தார், திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, அவர் முகம் சுருங்கியது. "உன் கைக்கே வரலைன்னா வேற யாருக்கு வரப்போகுது," என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை. அவள் அடுக்களைக்கு வந்து வெங்காயத்தை எடுத்தாள், ஒரு நல்ல சாக்கு, கண்ணில் தண்ணீர் வந்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள்.

மிக்ஸி சத்தத்துல ஒரு வரி காதுல விழுந்து தொலைய மாட்டேங்குதுன்னு முந்தாநாள்தானே சொன்னார், தப்பு இருக்கிறதென்று ஒரு முழுப் பகுதியையே திருப்பி அனுப்பிவிட்டார்களாம், இந்த வேலையும் போய்விட்டால் அந்த மனுஷன் உடைந்துபோவார், அது தெரிந்தும் பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும் என்பதற்காக… சீ, இதுக்குப் பேர் பாசமா? 'கூடவே இருங்க'ன்னு வாயைத் திறந்து சொன்னால் முத்து உதிர்ந்துவிடுமா? சொல்ல வராது, அவ்வளவுதான், இத்தனை வருஷத்தில் வரவில்லை. வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். அவர் எப்போது கூடத்து மேசைக்குத் திரும்பினார் என்றே கவனிக்கவில்லை, ஹெட்போனை மாட்டிக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தார். நல்லதாகப் போயிற்று, சத்தமில்லாமல் சுவரில் மாற்றிவிட்டு, இப்போ வந்துடுச்சுங்க என்று சொல்லிவிடலாம்.

பின்னறையில் முழங்காலிட்டுக் கையை விட்டாள். பாக்ஸில் எதுவும் இல்லை. அடாப்டர் சுவரில் இருந்தது, அடி வரை அழுத்திச் செருகி, விளக்கு பச்சை. தன் போனில் பார்த்தாள், சிக்னல் கோடு முழுசாக நின்றது. அட்டைப்பெட்டிக்குள் மடிப்புக் கலையாமல் கிடந்த விளக்கத் தாள் மேசையில் விரிந்து கிடந்தது, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் படத்தின் மேல் பெரிய பெருக்கல் குறி. படித்திருக்கிறார். மாற்றியிருக்கிறார். பிறகு எதற்கு அங்கே போய் உட்கார்ந்திருக்கிறார்? இவள் செய்ததைக் கண்டுபிடித்துவிட்டாரா, அல்லது கை தவறியது என்று நினைத்து இவள் மனம் நோகக்கூடாதென்று…

கூடத்துக்கு வந்து, கதவு நிலையில் சாய்ந்து, முடிந்தவரை சாதாரணமாகக் கேட்டாள். "அங்க இன்னும் இழுக்குதுங்களா?"

அவர் ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்தினார், கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. "ம்… இழுக்குதும்மா. பழைய வயரிங் இல்லையா."

இவளுக்குக் காது சூடாகிவிட்டது. இனி இதை யார் முதலில் சொல்வது, இவளா, அவரா, சொல்லத்தான் வேண்டுமா, கேட்டால் தன் குட்டும் அல்லவா வெளிப்படும்… "இங்க வாயேன்," என்றார் அவர், "இந்த சீன்ல இவ மனசுல ஒண்ணு வச்சுக்கிட்டு வேற என்னவோ பேசுறா, என்ன எழுதறதுன்னே தெரியலை." மிக்ஸியைப் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.