அருவிக்குப் புதுக் குழாய்

வீட்டுக்குப் பின்னால் இருந்த குளத்தில் அருவி நின்றுபோனதிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. குளம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நாலு பேர் கைகோத்து நின்றால் வளைத்துவிடலாம். ஓரத்தில் இடுப்பளவுக்குக் கல் அடுக்கி, உச்சியிலிருந்து தண்ணீர் விழும்படி அவள் கணவர் கல்யாணமான புதிதில் கட்டியது. அடியில் கிடக்கும் மோட்டார், மண்ணுக்குள் புதைத்த குழாய் வழியாகத் தண்ணீரை மேலே தள்ளும். அது விழுந்து திரும்பக் குளத்துக்கே வரும்.

போன வருஷம் வந்த காய்ச்சல் அவருடைய ஒரு காதை அடைத்துவிட்டுப் போனது. அடைத்த காதுக்குள் ராப்பகலாக ஒரு ரீங்காரம். டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். ஜன்னலைத் திறந்து வைத்து, அருவிச் சத்தத்தில் படுத்தால்தான் அது அடங்கும். அருவி நின்றதும் மனிதர் நடக்க ஆரம்பித்தார். கூடத்துக்கும் சமையலறைக்குமாக விடிய விடிய நடை. அவர் நடந்தால் இவள் எப்படிக் கண்ணை மூடுவாள்? வேலை பார்க்கும் சலவை நிலையத்தில், இஸ்திரி மேஜை முன்னாலேயே தலை தொங்கியது.

மோட்டார் நன்றாகத்தான் ஓடியது. தண்ணீர்தான் மேலே போய்ச் சேரவில்லை. வழியிலேயே மண் குடித்துவிட்டது. குழாய் வேலைக்காரர் ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார். "இவ்வளவு கல்லையும் யாரும்மா எடுக்கறது? எனக்கு இடுப்பு சரியில்ல" என்று வந்த வழியே போய்விட்டார்.

வேறு வழியில்லாமல் நாத்தனாருக்கு போன் செய்தாள். கணவரின் தங்கை, நீச்சல்குளம் ஒன்றில் பராமரிப்பு வேலை பார்ப்பவள். மோட்டாரும் குழாயும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அண்ணிக்கும் அவளுக்கும் பேச்சு நின்று வெகு நாளாகியிருந்தது. அண்ணன் காய்ச்சலில் கிடந்தபோது, "எங்கண்ணனைப் பாத்துக்க உங்களுக்குத் துப்பில்ல" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நாலு பேர் காதுபடச் சொன்னவள்.

"எத்தனை இஞ்ச் குழாய்?" என்று மட்டும் கேட்டாள் நாத்தனார். ஞாயிற்றுக்கிழமை காலையில், புதுக் குழாயைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

மீன்களை வலையால் அள்ளித் தொட்டியில் விட்டார்கள். கற்களை ஒவ்வொன்றாகப் புரட்டி இறக்கினார்கள். வேலிச்செடியின் வேர்களுக்கு நடுவே பழைய குழாய் நசுங்கி, வெடித்துக் கிடந்தது. இழுத்தால் வரவில்லை. துண்டு துண்டாக அறுத்து எடுக்க வேண்டியிருந்தது. உள்ளேயிருந்து கறுப்பாகச் சேறு கொட்டியது.

"கண்ட கோணல்ல மடக்கிப் புதைச்சிருக்காரு. இத்தனை வளைவு இருந்தா தண்ணி எப்படி ஏறும்?" என்றாள் நாத்தனார்.

"உங்கண்ணன் எதைத்தான் நேரா வெச்சிருக்காரு?"

நாத்தனாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வேர்களை விட்டு விலகிப் புதுப் பள்ளம் வெட்டினார்கள். மூச்சு வாங்க அவள் பள்ளத்து ஓரத்தில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான் நினைவிருந்தது. கண் விழித்தபோது மடியில் மண்வெட்டி கிடந்தது, வெயில் சுவர்ப்பக்கம் போயிருந்தது. பள்ளம் முழுக்க வெட்டியாகிவிட்டது. நாத்தனார் குழாய் மூட்டில் பசை தடவிக்கொண்டிருந்தாள். அவள் கணவர் காதைப் பொத்தியபடி குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

"எப்பவும் இப்படித்தானா?" நாத்தனார் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"இது பகல். பரவாயில்ல."

நாத்தனார் குழாய் மூட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை நான் இங்க இருந்துக்கறேன். நீங்க என் வீட்டுச் சாவிய எடுத்துட்டுப் போயிடுங்க. அங்க யாரும் இல்ல. நல்லாத் தூங்குங்க."

"இவரு சாப்பாடு..."

"எங்கண்ணனுக்கு நான் சோறு போட மாட்டேனா? தூங்குங்கன்னா தூங்குங்க அண்ணி."

வராந்தாவில் பேசிய பேச்சைப் பற்றி நாத்தனார் வாய் திறக்கவில்லை. கேட்டுச் சண்டை பிடிக்க இவளுக்கும் தெம்பில்லை.

பசை காய்ந்ததும் மோட்டாரைப் போட்டார்கள். குழாயை இறுக்கும் பூட்டுவளையம் தளர்ந்திருந்த இடத்திலிருந்து தண்ணீர் பீறிட்டு நாத்தனாரின் முகத்தில் அடித்தது. நிறுத்தி, முறுக்கி, மறுபடி போட்டார்கள். கல் உச்சியில் ஒரு செருமல். கலங்கலாகக் கொஞ்சம் துப்பியது. பிறகு தெளிந்து, அகலமாக விழுந்தது.

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "முன்ன மாதிரி இல்லையே. சத்தம் ஜாஸ்தியா இருக்கு."

முழங்கால் வரை சேற்றோடு நின்ற இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யார் முதலில் சிரித்தார்கள் என்று சொல்ல முடியாது. வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அவளுக்கு மட்டும் சிரிப்பு நடுவழியில் அழுகையாகிவிட்டது. நாத்தனார் அதைப் பார்க்காதவள் போல, தண்ணீரைக் குறைக்க வால்வைத் திருகினாள்.

"இப்ப சரியா அண்ணா?"

"இன்னும் கொஞ்சம்."

"இப்ப?"

கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி அவர் தூங்கிப்போயிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் நாத்தனார் வீட்டுக்குப் போய், செருப்பைக் கழற்றியவள் அப்படியே படுத்தாள். விழிப்பு வந்தபோது அறை மங்கியிருந்தது. கதவு எந்தப் பக்கம் என்றே புரியவில்லை. தேடிப் பார்க்கவும் தோன்றாமல், போர்வையை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுத்தாள்.