அடுப்பு மூட்டாத வீடு

மக்டலினின் அப்பா விடியற்காலை ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். துறைமுகத்தில் மூட்டை சரிந்து விழுந்து நாலு நாளாகக் கிடந்தவர்.

"பிரேதம் வீட்டுக்கு வரும்வரைக்கும் பிள்ளைக்குத் தெரியக்கூடாதாம். பின்னேரம் வரைக்கும் வகுப்பில வைச்சிருங்கோ, மிஸ்," என்றார் பள்ளிக்கூட அதிபர்.

சொல்லத் துணிவில்லாதவர்கள் எல்லோரும் சேர்ந்து அதை என் தலையில் கட்டிவிட்டார்கள். எரிச்சலோடு ஏழாம் வகுப்புக்குப் போய் அன்றைய வாசிப்புப் பாடத்தையே எடுத்தேன். அதிலிருந்த பந்தியை முன்கூட்டி நான் பார்க்கவில்லை.

'அவ்வீட்டில் அன்று அடுப்பு மூட்டப்படவில்லை. அயலவர் சோறு கொண்டுவந்தனர்.'

"எழுதாததைச் சொல்லுங்கோ. அங்க என்ன நடந்திருக்கு?"

"மவுத்து வீடு, மிஸ்! ஆரோ செத்திட்டினம்!" ஸல்ஹா கத்தினாள்.

"கெட்டிக்காரி."

மக்டலின் எழும்பினாள். "இண்டைக்கு எங்கட வீட்டிலயும் அடுப்பு மூட்டேல்ல. பக்கத்து வீட்டு மாமிதான் பிட்டுத் தந்தவ. ஆனா ஒரு அடையாளத்தை வைச்சு முடிவெடுக்க ஏலாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள், மிஸ்?"

"ஓம். ஒரு அடையாளம் மட்டும் காணாது."

ஸல்ஹா விடவில்லை. "இன்னும் இருக்கடி! அதிபர் மூண்டு தரம் வந்து உன்னை எட்டிப் பார்த்திட்டுப் போறார். நீ வீட்டுப்பாடக் கொப்பி கொண்டராததுக்கு மிஸ் ஏசவுமில்லை!"

வகுப்பே சிரித்தது. மக்டலின் சிரிக்காமல் என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப சரியோ, மிஸ்?"

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நான் திரும்பிக் கரும்பலகையை அழிக்கத் தொடங்கினேன். பின்னால் அவள் புத்தகங்களை அடுக்கும் சத்தம் கேட்டது.