ஈரத் தலையணையின் புகழ்பெற்ற விம்மல்

"பல்லைக் காட்டாதடா. அவ உன்னை விட்டுட்டுப் போயிட்டா, அவ வீட்டுச் சாவி மட்டும் உன் கையில இருக்கு, அதுக்குத்தான் பாட்டு. நீ என்னடான்னா கல்யாண வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி இளிக்கிற."

"யாரு விட்டுட்டுப் போனது? சாயங்காலம் வரேன்னு சொல்லியிருக்காளே."

பறந்தது டிரம்ஸ் குச்சி. பறந்த வேகத்துக்கு ஒரு தலையாவது உடைந்திருக்க வேண்டும். ஆனால் அது ஒரு மெத்தையில் மோதி, இன்னொரு மெத்தையில் சாய்ந்து, சாதுவாகப் படுத்துக்கொண்டது. அந்த அறையில் எதை எறிந்தாலும் அப்படித்தான். மெத்தைக் கடையின் பின்பக்கக் கிடங்கு அது. சுவரோரம் கூரை வரைக்கும் மெத்தை. உள்ளே குடியே முழுகினாலும் தெருவுக்குச் சத்தம் வராது. அதனால்தான் பாட்டுக்குழு அங்கே குடியேறியது.

எறிந்தவள் கடைக்காரரின் மகள். டிரம்ஸ் வாசிப்பதால் இடி என்று பேர். வாசிக்காத நேரத்திலும் அந்தப் பேர் அவளுக்குப் பொருத்தம்தான் என்பார்கள் அக்கம்பக்கத்தில். இளித்தவன் பாடகன். கண்ணில் எந்நேரமும் ஒரு ஈரம் மினுங்குவதால் தூறல். மூன்றாவது ஆள் இடியின் சித்தி மகன். பகலில் லிப்ட் பழுது பார்ப்பான், மாலையில் பேஸ் கிட்டார் வாசிப்பான், இரண்டுக்கும் நடுவே வாயைத் திறக்கமாட்டான். மூவரும் சேர்ந்தால் 'ஈரத் தலையணை', எமோ ராக் குழு. எமோ என்றால் பயப்பட ஒன்றுமில்லை. நாமெல்லாம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுவதை, அவர்கள் கரண்ட் கொடுத்து மேடையில் அழுவார்கள், அவ்வளவுதான். கம்பெனி கிடையாது, முதலாளி கிடையாது. பாட்டு எழுதுவது, பதிவு செய்வது, சுவரில் போஸ்டர் ஒட்டுவது, ஒட்டியதற்கு வீட்டுக்காரரிடம் வசவு வாங்குவது எல்லாமே சொந்தக் கைவேலை.

முதல் கச்சேரி ஒரு சலூன் திறப்பு விழாவில். பாதிப் பாட்டில் கரண்டைப் பிடுங்கிவிட்டார்கள். இரண்டாவது கச்சேரிக்கு வந்தவர்களில் ரத்த சொந்தம் அல்லாதவர் காவலாளி ஒருவர்தான். அப்புறம்தான் 'உன் சாவி என்னிடம்' வந்தது. கிடங்கிலேயே பதிவு செய்தார்கள். கடைசி வரியில் தூறலின் குரல் உடைந்து, மூச்சு இழுத்து, ஒரு விம்மல் விம்மினான் பாருங்கள், இடி குச்சியைப் போட்டுவிட்டு ஓடி அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். லிப்ட்காரன் கூட மூக்கைச் சிந்தினான். அந்த விம்மல் கைபேசிக்குக் கைபேசி தாவியது. பேருந்தில் கேட்டது, துணி துவைக்கும் இடத்தில் கேட்டது, காதல் என்றால் என்னவென்றே தெரியாத வயதுப் பிள்ளைகளெல்லாம் விம்மிப் பழகின. கடைசியில் நகரத்துப் பெரிய கலையரங்கமே கூப்பிட்டுவிட்டது.

அங்கேதான் அப்பா குறுக்கே வந்தார். கிடங்கில் டிரம்ஸ் அடைத்துக்கொண்டிருக்கும் இடத்தில் எத்தனை மெத்தை அடுக்கலாம் என்று பார்வையாலேயே அளப்பவர் அவர். "இலவு காத்த கிளியா எத்தனை காலம் உக்காந்திருப்ப?" என்று கேட்டு, ஒரு பந்தயம் கட்டினார். அரங்கத்தில் கடைசி விம்மல் வரைக்கும் சனம் எழுந்து போகாமல் இருந்தால் கிடங்கு அவளுக்கு. பாதியில் கலைந்தால் டிரம்ஸ் வெளியே, மெத்தை உள்ளே, மகள் கல்லாவில். இடியும் வீறாப்பாகக் கையடித்துக் கொடுத்துவிட்டாள். கொடுத்த கையோடு தூறலுக்குக் காதல் வந்துவிட்டது.

பெண், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். கண்ணில் ஏன் ஈரம் என்று கேட்டுச் சொட்டுமருந்து விட்டாளாம். மீதியை அவன் கண்ணே பார்த்துக்கொண்டது. அன்றிலிருந்து பிரிவுப் பாட்டைத் தாலாட்டு மாதிரி பாடினான். இடி வெங்காயம் நறுக்கிப் பார்த்தாள், கிள்ளிப் பார்த்தாள், செத்துப்போன நாய்க்குட்டியை நினைக்கச் சொன்னாள். அதுவும் நல்ல நாய்தான் என்று சந்தோஷமாக நினைத்துக்கொண்டான். கடைசியில் மானத்தை விட்டு, கண்ணாடிக் கடைக்கே போய், ஒரே ஒரு சாயங்காலத்துக்கு அவனைக் கைவிட முடியுமா என்று அந்தப் பெண்ணிடமே கேட்டாள்.

"வாடகைக்கு வேணுமாக்கா, முறிவு?" என்று கேட்டாள் அவள். நல்ல மனசுக்காரி, அங்கேயே போன் போட்டு, இனி நமக்குள் ஒன்றுமில்லை என்றும் சொன்னாள். ஆனால் பாதியில் சிரிப்பை அடக்க முடியாமல் களுக்கென்றுவிட, அந்தப் பக்கம் அவனும் சிரிக்க, இருவரும் போனை வைக்கவே இல்லை. இடிதான் கிளம்பி வந்தாள்.

ஆக, கச்சேரி அன்று காலையில் குச்சி பறந்ததில் ஆச்சரியமில்லை. இடம் அளக்க வந்த அப்பா, என்ன சண்டை என்று கேட்டார். விம்மல் வரவில்லை என்றாள் மகள். எந்த விம்மல் என்றார். போட்டுக் காட்டினாள். ஊரே உருகிய அந்த விம்மலைக் கேட்டு அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அழுகையாம்மா இது? நீங்க இதைப் பதிவு செஞ்ச அன்னிக்கு, கிடங்கைத் தடுக்கக் கட்டியிருந்த திரைக்கு அந்தப் பக்கம் நான் பழைய இலவம்பஞ்சு மெத்தையைப் பிரிச்சு உதறிக்கிட்டிருந்தேன். தும்மல் வராம திண்டாடியிருக்கான் பிள்ளை."

எல்லோரும் தூறலைப் பார்த்தார்கள். அவன் கூரையைப் பார்த்தான்.

"தெரியும்," என்றான். "நீங்க எல்லாரும் ஓடிவந்து கட்டிப்பிடிச்சு அழுதீங்க. அந்த நேரத்துல தூசின்னு எப்படிச் சொல்றது?"

இன்னொரு குச்சி பறந்திருக்க வேண்டியது. ஆனால் இடியின் பார்வை மூலைக்குப் போனது. அந்தப் பழைய மெத்தை, கொடுத்தவர் திரும்ப வராததால், இன்னும் அங்கேயே கிடந்தது. பிறகு அப்பாவைப் பார்த்தாள். முடியவே முடியாது, பந்தயத்தில் நான் எதிர்க்கட்சி என்றார் அவர். சரி, நானே உதறிக்கொள்கிறேன் என்று அவள் பஞ்சடிக்கும் கோலை எடுத்து ஒரு தட்டுத் தட்டினாள்.

அது போதும். முப்பாட்டன் காலத்துத் தொழிலை மகள் அப்படிப் பொத்தென்று தட்டியதை அவரால் பொறுக்க முடியவில்லை. "கோலை இப்படியா பிடிப்பாங்க? தள்ளு. உன்னை நம்பினா பஞ்சு எந்திரிக்கவே எந்திரிக்காது."

மெத்தையை அரங்கத்துக்குத் தூக்கிப் போனபோது லிப்ட்காரன் அன்றைக்குப் பேசிய ஒரே வாக்கியம்: "இது லிப்ட்ல ஏறாது."

அரங்கத்தில் இடிக்குப் பின்னால் ஒரு கறுப்புத் திரை. திரைக்குப் பின்னால் அப்பா. கடைசிப் பாட்டு வரும்வரை கூட்டம் நெளிந்தது. சிரித்த முகத்தோடு ஒருவன் சோகம் பாடினால் எத்தனை நேரம் கேட்பது? வாசல் பக்கம் சிலர் செருப்பைத் தேடிக்கொண்டே எழுந்துவிட்டார்கள். இடி குச்சியை உயர்த்தி அப்பாவுக்குச் சைகை காட்டினாள். அவர் போட்டார் முதல் அடி. அடியென்றால் அடி, தாளம் தப்பாத அடி; மகளுக்கு அந்தக் கை எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. பஞ்சு எழுந்து, விளக்கொளியில் பனி மாதிரி மிதந்து, தூறலின் மூக்கைத் தொட்டது. விம்மினான். பெருவிம்மல். பஞ்சு அத்தோடு நிற்குமா? முன்வரிசை விம்மியது, நடுவரிசை கண்ணைத் துடைத்தது, எழுந்தவர்கள் அழுகிற சனத்தை வேடிக்கை பார்க்க மறுபடி உட்கார்ந்தார்கள். பிறகு அவர்களும் அழுதார்கள். இப்படி ஓர் உருக்கத்தை வாழ்நாளில் கண்டதில்லை என்று மறுநாள் பத்திரிகை எழுதியது.

கிடங்கை எழுதிக் கொடுக்காத குறையாகக் கொடுத்துவிட்டார் அப்பா. ஆனால் கைதட்டலின் ருசி கண்டவர் சும்மா இருப்பாரா? அதற்குப் பிறகு எந்த ஊர்க் கச்சேரியானாலும் வண்டியில் முதலில் ஏறுவது மெத்தை, அடுத்தது அவர்.

எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. தூறல் கண்ணாடிக் கடைக்காரியைக் கட்டிக்கொண்டு கடலோர ஊருக்குக் குடிபோனான். அங்கே தூசியே இல்லையாம், பாட்டும் இல்லை. லிப்ட்காரன் ஏதோ நூறு மாடிக் கட்டிடத்தைத் தேடி வெளிநாடு போனவன், அங்கே ஒரு வாயாடியைக் கல்யாணம் செய்துகொண்டான். அன்று முன்வரிசையில் இருந்து, கச்சேரி முடிந்ததும் மேடையேறித் தூறலின் மூக்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்த மூக்கு டாக்டர் இடியைக் கட்டினார். அவள் இன்னும் டிரம்ஸ் வாசிக்கிறாள், அதே கிடங்கில், புது ஆட்களோடு. வீட்டில் மட்டும் இலவம்பஞ்சுக்கு டாக்டர் தடை போட்டுவிட்டதால், மெத்தைக்கடைக்காரரின் ஒரே மகள் படுப்பது ஸ்பாஞ்சு மெத்தையில். மாப்பிள்ளை மேல் அப்பாவுக்கு உள்ள குறை அது ஒன்றுதான். அதையும் தெருவில் பார்க்கிறவர்களிடம் மட்டும்தான் சொல்கிறார்.