இல்லாத குருவின் படம்

கஸ்பார் மொன்னரே காப்பிக் கிண்ணத்தில் ரொட்டியை முக்கிக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கடிதத்தைப் பிரித்தார். “ஐயா, உங்கள் குருநாதர் ஹவ்லாட் எடுத்த படம் ஒன்று கிடைத்துவிட்டது” என்று முதல் வரி சொன்னது. ரொட்டி கை நழுவிக் கிண்ணத்துக்குள் விழுந்து ஊறிக் கரைந்தே போனது. அவர் அதைக் கவனிக்கவில்லை. ஹவ்லாட் என்று ஒரு படக்காரர் இந்த உலகத்தில் பிறக்கவே இல்லை என்பது அவருக்குத் தெரியும். அந்த மனிதரைப் பெற்றவரே அவர்தானே.

அது நடந்தது இப்படி. கஸ்பாருக்கு இருபத்தெட்டு வயது. தன் ஆவணப்படம் ஒன்றை முதன்முதலாகப் பாரிஸில் போட்டுக் காட்டியிருந்தார். படம் முடிந்ததும் ஒரு விமர்சகர் எழுந்து, உங்களைப் பாதித்த மேதைகள் யார், எந்தப் பள்ளியில் பயின்றீர்கள் என்று கேட்டார். அந்த நாட்டில் பத்து நிமிஷம் படம் எடுத்தவனையும் இந்தக் கேள்வி கேட்காமல் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். கஸ்பார் எந்தப் பள்ளியிலும் படித்ததில்லை. அதற்கு முன்பு அவர் ஜூரா மலையில் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதிக்கொண்டிருந்தவர். அந்தச் சபையில் அதைச் சொல்ல வெட்கம். வாயில் வந்த பெயரைச் சொன்னார்: “ஹவ்லாட். செக் நாட்டில் பிர்னோ ஊர்க்காரர்.” படங்களைப் பார்க்க முடியுமா என்றார்கள். எல்லாவற்றையும் அவரே எரித்துவிட்டார் என்று சொன்னார். சபை பெருமூச்சு விட்டது.

ஒரு பொய்யை அத்தனை அன்பாக ஏற்றுக்கொண்டால் மனுஷன் என்ன செய்வான், நீங்களே சொல்லுங்கள். அதைச் சோறு போட்டு வளர்த்தார். மதகுக்காவலர்களைப் பற்றி, பிரசவ ஆஸ்பத்திரியைப் பற்றி, சின்ன நீதிமன்றங்களைப் பற்றி என்று அடுத்த நாற்பது வருஷத்தில் இருபத்தேழு படங்கள் எடுத்தார். ஒவ்வொரு பேட்டியிலும் ஹவ்லாட்டுக்கு ஒரு புது விஷயம் சேர்ந்தது. ஒரு வருஷம் மீசை வந்தது, இன்னொரு வருஷம் மூட்டுவலி வந்தது. ‘ஹவ்லாட்டின் மூன்று விதிகள்’ என்று ஒன்றும் வந்தது. யாரைப் படமெடுக்கப் போனாலும் காலைத் துடை, உட்கார், வாயை மூடு. பிர்னோ ரயில் நிலையத்தில் வைத்துத் தனக்கு அவர் சொன்னதாகக் கஸ்பார் சொல்லுவார். உண்மையில் கஸ்பார் பிர்னோ பக்கம் தலைவைத்துப் படுத்ததுகூட இல்லை.

கடிதம் எழுதியவள் கிளெமான்ஸ் ரவியே. ஹவ்லாட்டைப் பற்றி எட்டு வருஷமாக முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். அதற்காகவே செக் மொழி கற்றுக்கொண்டவள். ஜூரா பக்கத்துச் சேன்த்தோப்ரி ஊரில் ஏதோ ஒரு கட்டடத்தின் பரணைச் சுத்தம் செய்தபோது படச்சுருள் கிடைத்ததாம். வருகிற சனிக்கிழமை மதியம் அந்த ஊர்த் திரையரங்கில் திரையிடுகிறார்களாம். உயிரோடு இருக்கும் ஒரே சீடர் அவசியம் வரவேண்டுமாம்.

கஸ்பார் ஹுகெத்துக்குப் போன் செய்தார். முப்பது வருஷமாக அவருடைய எல்லாப் படங்களுக்கும் ஒலிப்பதிவு செய்தவள் அவள். உலகத்திலேயே இந்தப் பொய் தெரிந்த இன்னொரு ஆள் அவள்தான். அவள் சிரித்து முடிக்கும்வரை அவர் காத்திருக்க வேண்டியிருந்தது.

“நான் அப்பவே சொன்னேன்ல. சாகடிச்சுடு அந்த ஆளைன்னு.”

“சாகடிச்சாச்சு. தொண்ணூத்தி மூணுலயே.”

“அப்புறம் எப்படிப் படம் எடுத்தாரு?”

அதுதான் கஸ்பாருக்கும் புரியவில்லை. ரயிலில் போகும்போது மூன்று தடவை இறங்கித் திரும்பிவிடப் பார்த்தார். ஹுகெத் அவருடைய கோட்டைப் பிடித்து உட்கார வைத்தாள். இப்படி ஒரு வேடிக்கையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்பது அவள் கட்சி.

திரையரங்கின் முன்கூடத்தில் மஞ்சள் ஒயினும் பாலாடைக்கட்டித் துண்டுகளும் வைத்திருந்தார்கள். நடுவில் ஒரு மேஜை. மேஜைமேல் சிவப்பு வெல்வெட் துணி, துணிமேல் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் துருப்பிடித்த ஒரு தகர டப்பா. ஓரத்தில் ஒட்டியிருந்த தாளில் பழைய எழுத்து: ‘ஜே. ஹவ்லாட், பிர்னோ’.

கஸ்பார் கண்ணாடிமேல் குனிந்து பார்த்தார். அது பொத்தான் டப்பா. இளம் வயதில் அவர் குடியிருந்தது இந்த ஊர் மருந்துக்கடையின் மாடியில்தான். அடுத்த அறையில் பிர்னோவிலிருந்து வந்த ஹவ்லாட் என்று ஒரு தையல்காரர் இருந்தார். காலி டப்பா ஒன்றை அவர் கொடுத்தார். மீட்டர் பையில் ஒளித்துக்கொண்டுபோன சின்னக் காமிராவால் தான் எடுத்த முதல் படத்தை, பார்த்த நண்பர்கள் எல்லோரும் கேலி செய்த அந்தப் படத்தை, கஸ்பார் அந்த டப்பாவில் போட்டுப் பரணில் தூக்கி எறிந்துவிட்டு பாரிஸ் போனார். வாயில் வந்த பெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போதுதான் அவருக்கே விளங்கியது.

“ஹுகெத், இது நான் எடுத்த படம்” என்று மெதுவாகச் சொன்னார்.

ஹுகெத் ஒயின் கோப்பையைக் கீழே வைத்தாள். “வாய மூடிட்டு உள்ள வா” என்றாள்.

படம் பதினெட்டு நிமிஷம். சத்தம் கிடையாது. பனி மூடிய ஒரு கதவு திறக்கிறது. ஒரு கிழவர் எட்டிப் பார்க்கிறார், வந்திருப்பது மீட்டர்காரன் என்று தெரிந்ததும் அலுப்போடு விரலை நீட்டி மூலையிலிருக்கும் அலமாரியைக் காட்டுகிறார். இன்னொரு கதவு, இன்னொரு வீடு. அங்கேயும் ஒரு பெண் விரலை நீட்டுகிறாள். இருபது வீடு, இருபது விரல். அப்புறம் காமிரா சமையலறை மேஜையில் உட்கார்ந்துகொள்கிறது. மனிதர்கள் சூப் குடிக்கிறார்கள், உருளைக்கிழங்கு உரிக்கிறார்கள், காமிராவை மறந்துபோகிறார்கள். ஒரு வீட்டில் தரையில் பதிந்த சேற்றுக் கால்தடங்களை வெகுநேரம் காட்டிப் படம் முடிகிறது.

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கஸ்பாரின் இருபத்தேழு படங்களில் ஒன்றுக்குக்கூட யாரும் இப்படி எழுந்து நின்றதில்லை.

கிளெமான்ஸ் மேடையேறினாள். இவர்கள் எல்லோரும் சுட்டிக்காட்டுவது நம் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒளிந்திருக்கும் மரணத்தை என்றாள். அந்தச் சேற்றுத்தடம் வரலாறு நம்மேல் நடந்துபோன தடம் என்றாள். பிறகு முன்வரிசையைப் பார்த்து மரியாதையோடு தலைவணங்கி, குரு பதினெட்டு நிமிஷத்தில் செய்ததைச் சீடர் நாற்பது வருஷமாக எட்டிப்பிடிக்க முயல்கிறார், அந்த முயற்சியே அழகு என்று முடித்தாள்.

“நீ பெத்த பிள்ளை உன்னைவிட நல்லா படம் எடுக்குதே” என்று ஹுகெத் காதில் ஓதினாள்.

கஸ்பாருக்குக் காது மடல் சிவந்தது. இல்லாத ஒருவன்மேல், அதுவும் தன்மேலேயே, இப்படிப் பொறாமை வரும் என்று அவர் நினைத்ததில்லை. சும்மா இருந்தால் தன் வாழ்க்கையிலேயே சிறந்த படம் ஒரு தையல்காரர் பெயருக்குப் போய்விடும். வாயைத் திறந்தாலோ நாற்பது வருஷப் பொய்யன் என்ற பெயர் நிற்கும், இந்தப் பெண்ணின் எட்டு வருஷமும் குப்பையில் போகும். அவள் முகத்தைப் பார்த்தார். அழுது சிவந்திருந்தது, ஆனால் அத்தனை சந்தோஷம். எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

“அம்மா, அந்தப் படத்தை எடுத்தது நான். ஹவ்லாட்னு படக்காரர் யாரும் கிடையாது. நானாச் சொன்ன பொய் அது.”

பின்வரிசையிலிருந்து ஒருவர் “வெட்கமா இல்ல?” என்றார். செத்த குருவின் படத்தைத் திருடுகிறான் என்று இன்னொருவர் சொன்னார். ஹுகெத் எழுந்து சாட்சி சொன்னாள். அவள் அவரிடம் சம்பளம் வாங்குகிறவள்தானே என்று அடக்கிவிட்டார்கள். கிளெமான்ஸ் வெளிறிப்போய், “ஐயா, உங்களுக்கு உடம்பு சரியில்லையா?” என்று கேட்டாள். அவள் அன்பாகக் கேட்டதுதான் அவரை அதிகம் சுட்டது. உண்மையைச் சொல்லி ஒருவர்கூட நம்பாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

அப்போது மூன்றாவது வரிசையில் ஒரு கைத்தடி தரையைத் தட்டியது. மதாம் சிதோனி வுய்யே. எண்பத்தெட்டு வயது. மலைமேல் பண்ணையில் இன்னமும் தனியாகப் பசு வளர்க்கிறவள். இலவசமாகப் பாலாடைக்கட்டி உண்டென்று கேள்விப்பட்டு வந்திருந்தாள்.

“மரணமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. அது என் வீட்டு மீட்டர். அலமாரிக்குள்ள இருக்கு. அதைத்தான் காட்டுறேன்.”

அவள் தடியை ஊன்றித் திரும்பிக் கஸ்பாரை மேலும் கீழும் பார்த்தாள்.

“நீதானே அந்த மீட்டர் தம்பி. காது அப்படியே இருக்கு. அந்தச் சேறு இவன் கால் சேறு. ரெண்டு தடவை கழுவினேன். வர்றப்பல்லாம் இதே பாட்டுத்தான் எனக்கு. காலைத் துடைடா, உட்காருடா, வாயை மூடுடான்னு. அன்னிக்குச் சூப்பும் குடிச்சான். மீட்டரைப் பாக்காமலே போயிட்டான்.”

காலைத் துடை, உட்கார், வாயை மூடு. கஸ்பார் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த மூன்று விதிகளையும் தானே கற்பனை செய்ததாகத்தான் இத்தனை வருஷமும் அவர் நம்பியிருந்தார்.

கிளெமான்ஸ் மேடை விளிம்புக்கு வந்தாள். அவளுடைய ஆய்வில் அந்த மூன்று விதிகளுக்கு மட்டும் நூற்றுப் பத்துப் பக்கம். பிறகு கஸ்பாரைப் பார்த்துச் செக் மொழியில் நீளமாக எதையோ சொன்னாள். நல்ல வார்த்தைகளாக இருந்திருக்காது. ஹவ்லாட் இருந்திருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும்.

சொல்லி முடித்ததும் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கஸ்பார் மேடைக்குப் போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். வாயை மூடிக்கொண்டார். கடைசியில் அவள்தான் மூக்கைச் சிந்திவிட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

“மதாம், உங்க பேரு எப்படி எழுதணும்?”

“எதுக்குடி?”

“நானூத்திப் பன்னிரண்டு பக்கம் இருக்கு. எல்லா இடத்துலயும் ஹவ்லாட்டை அடிச்சிட்டு உங்களைப் போடணும்.”

சிதோனிக்கு வேறு ஏதோ மனதில் இருந்தது. சூப் குடிக்கிற இடத்தில், மேஜையின் அந்தப் பக்கம், தொப்பியைக் கழற்றாமல் ஒருவர் உட்கார்ந்து எதற்கோ சிரிக்கிறாரே, அது அன்செல்ம், தன் வீட்டுக்காரர் என்றாள். போய் முப்பத்தொரு வருஷம் ஆகிறது. கல்யாணப் போட்டோவிலும் அவர் இறுகிப்போய்த்தான் நிற்பார், சிரிக்க மாட்டார்.

“அந்த இடத்தை இன்னொரு தரம் போடுவீங்களா?”

விளக்கை அணைத்தார்கள். கதவு திறந்தது, விரல்கள் நீண்டன, அன்செல்ம் தொப்பியோடு சிரித்தார். யாரும் எதற்கும் அர்த்தம் சொல்லவில்லை. கடைசியில் அந்தச் சேற்றுத்தடம் வந்தபோது, கஸ்பார் இருட்டில் தன் பூட்ஸ் காலை மேடைக் கம்பளத்தில் மெதுவாக, ஒன்று மாற்றி ஒன்றாக, தேய்த்துத் துடைத்துக்கொண்டார்.