கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள்

பழைய கம்ப்யூட்டரைத் தலைமுழுகிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்க வேண்டும் என்பது பிலோமினாவின் கட்சி. ரேம் கூட்டி, நல்ல டிஸ்க் போட்டால் இன்னும் சில வருடம் ஓட்டலாம் என்பது அவள் கணவர் ஹென்றியின் கட்சி. எந்தப் பொருளையும் அவர் லேசில் சாக விடமாட்டார். கல்யாண அழைப்பிதழ் வடிவமைப்பவள் அவள். அந்தப் பெட்டி கண் விழிப்பதற்குள் மைலோ கலக்கிக் குடித்துவிட்டு வந்துவிடலாம். அந்த எரிச்சல் அவருக்கு எங்கே தெரியப்போகிறது?

சண்டை முற்றி, பெட்டியைக் காரில் போட்டுக்கொண்டு கம்போங் மேடான் வீட்டிலிருந்து பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் பிரவினின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வந்தார்கள்.

“தொறந்து பாத்தாதான் சொல்ல முடியும் லா, அங்கிள். போர்டு நல்லா இருந்தா அப்கிரேட். இல்லனா புதுசுதான்,” என்றான் பிரவின்.

ஸ்க்ரூக்களைக் கழற்றிப் பக்கத் தகட்டை எடுத்தான். உள்ளே ஒரே தூசு.

“பாத்தீங்களா, குப்பத்தொட்டி!” என்று பிலோமினா வெற்றியோடு சொல்லி வாய் மூடவில்லை. டிஸ்க்குக்குப் பின்னால் விரலை விட்ட பிரவின் ஒரு நீலத் துணிப்பையை இழுத்தெடுத்தான்.

“ஆன்டி, இது என்ன?”

பையைப் பார்த்ததுமே பிலோமினாவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. உள்ளே இருப்பது அவளுடைய கல்யாணச் சங்கிலி. நான்கு வருடங்களுக்கு முன் களவு போன சங்கிலி.

அப்போது பிளாட்டில் பூட்டை உடைக்கும் திருட்டு அதிகம். இதே கம்ப்யூட்டரில், கெட்டுப்போன சிடி டிரைவைக் கழற்றிய பொந்தில் பையைச் செருகி, மூடியை மாட்டி வைத்திருந்தாள். அந்தப் பொந்தைப் பற்றித் தெரிந்த இன்னொருவன் அழகிரி. தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்து சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தவன். அவர்கள் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தவன். டிரைவைக் கழற்றிக் கொடுத்ததே அவன்தான். ஒரு நாள் மூடியைத் திறந்தால் பொந்து காலி. அவனை விட்டால் வேறு யார்?

“நல்லா தேடிப் பாருங்கக்கா,” என்று அழுதான். பிலோமினா கேட்கவில்லை. ஹென்றி அவனுடைய கடை முதலாளியிடம் போய்ச் சொல்ல, முதலாளி பெர்மிட்டை ரத்து செய்து அவனை விமானம் ஏற்றிவிட்டார். பையோ பொந்தின் பின்வழியாக நழுவிப் பெட்டிக்குள்ளேயே விழுந்து கிடந்திருக்கிறது. அன்றைக்கு ரெண்டு ஸ்க்ரூவைக் கழற்றியிருந்தால் போதும்.

ஹென்றி குதிக்காத குறை. “பிலோ! கிடைச்சிருச்சு! ஆண்டவர் கைவிடல பாத்தியா!”

“அழகிரி...” என்றாள் அவள்.

ஹென்றியின் முகம் சுருங்கியது. “அத ஏன் இப்ப கெளப்புற? நடந்தது நடந்துபோச்சு. இப்பப் போய்ச் சொன்னா நமக்குத்தான் அசிங்கம்.”

அவளுக்குக் கணவர்மேல் கோபம் பொங்கியது. அதைவிடத் தன்மேல். மாடியே கேட்கும்படி அவனைத் திருடன் என்று கத்தியவள் அவள்தானே.

“சோ, எப்படி அங்கிள்? அப்கிரேட்டா, புதுசா?” என்றான் ஒன்றும் புரியாத பிரவின்.

அவசரத்துக்கென்று அழகிரி முன்பு கொடுத்திருந்த ஊர் நம்பர் அவள் போனில் இருந்தது. அழைத்தாள். எடுத்தது அவனேதான்.

“தம்பி, மலேசியாவுல இருந்து பிலோமினாக்கா பேசுறேன். சங்கிலி கிடைச்சிருச்சுப்பா. கம்ப்யூட்டர் உள்ளயே இருந்திருக்கு. நீ எடுக்கல. பாவி, நான்தான்...”

திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டினால்கூட நன்றாயிருக்கும் போலிருந்தது.

“அக்கா,” என்றான் கடைசியில். “இத எங்கப்பாகிட்ட நீங்களே சொல்றீங்களா? நான் சொன்னா நம்ப மாட்டாரு. திருடிட்டு வந்தவன்னு இன்னும் என்கூட உக்காந்து சாப்பிடுறதில்ல.”

போதும், போனை வை என்று ஹென்றி கையை ஆட்டினார். அவள் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

“அப்பாகிட்ட குடு,” என்றாள்.

போன் கை மாறியது. “யாரும்மா?” என்றது ஒரு வயதான குரல்.

“ஐயா, உங்க பிள்ளையத் திருடன்னு சொன்னவ பேசுறேன்,” என்றாள் பிலோமினா.